வெள்ளிக்கிழமை கழுவிய வீடு

மார்கேற்
14.10.1990

அன்புள்ள கனகத்துக்கு,

இவ்விடம் நான் சுகம். வீடுதான் சுகமில்லை.

போனில் சொல்லலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன். நான் வாய் திறக்க, நீர் ஓம் ஓம் என்றீர், மூன்றாம் ஓமில் சண்டை தொடங்கிவிட்டது. கடிதம் நல்லது. கோபம் வந்தால் பாதியில் வைத்துவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம்.

நான் லண்டனை விட்டு இங்கே வந்து மூன்று கிழமை. வீடு கட்டி நூறு வருஷத்துக்கு மேலாம். கடல் இரண்டு தெரு தள்ளி, ஆனால் கடற்காற்றுக்கு அந்த இரண்டு தெருவும் கணக்கில்லை. முன்னறை யன்னலில் கையை வைத்தால் மூடினதா திறந்ததா என்று தெரியாது. நேற்று ஒரு வேலை செய்தேன். சாமிப்படத்துக்குக் கொளுத்தின ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கதவோரம், யன்னலோரம், படிக்குக் கீழே, எங்கெல்லாம் புகை கோணுகிறதோ அங்கெல்லாம் காற்று வருகிறது என்று அர்த்தம். சோக்கட்டியால் அடையாளம் போட்டேன். நாற்பத்தொரு இடம். பக்கத்து வீட்டு பியற்றிஸ் என்ற விதவைக் கிழவி யன்னலால் பார்த்துவிட்டு, பேய் ஓட்டுகிறேனா என்று கேட்டா. ஓம், குளிர்ப்பேய் என்றேன்.

ஹீற்றரில் காஸைக் கொட்டி எரித்து வீட்டைச் சூடாக்குவது மடத்தனம். இருக்கிற சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்தால் போதும். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருஷம் கோப்பு அடுக்கினவனுக்கு இது பெரிய வேலையா? ஒவ்வொன்றாக அடைப்பேன். தைப்பொங்கலுக்கு நீர் இங்கே நிற்பீர்.

உம்மைக் கேளாமல் வாங்கினது பிழைதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்.

இன்று காலை உள்ளே பதினொரு டிகிரி.

உமது,
அம்பலவாணன்


நோர்பரி
2.11.1990

அன்புள்ள பாமாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்து இரண்டு கிழமைக்கு மேல். பதில் எழுத இருக்க நேரம் இல்லை. வயோதிபர் இல்லத்தில் இரண்டு பேர் வேலைக்கு வராததால் டபுள் ஷிப்ட். காலை ஆறு மணிக்குப் போனால் பதினாலு கிழவன் கிழவியைத் தூக்கி, குளிக்கவார்த்து, உடுப்புப் போட்டு, இருத்தவேண்டும். ஊரார் புருஷன்மாரை எல்லாம் நான்தான் போர்த்திச் சூடாக வைத்திருக்கிறேன்.

பிழைதான் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரே தரம்தான் சொல்லுகிறேன். பெற்றோல் ஸ்ரேசன் வேலையை விட்டீர்கள், நாரி நோ, நாள் முழுக்க நிற்க இடுப்பு ஏலாது, சரி. கையெழுத்து வைத்துவிட்டு வந்து, "கடற்கரையில வீடு வாங்கிட்டன், சாமானைக் கட்டும்" என்று சொன்னீர்களே, அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது. நான் சாமானோடு சேர்ந்த சாமானா?

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு விஷயம். ஒன்று, வீடு சூடாக வேண்டும். என் முழங்காலுக்குக் குளிர் ஆகாது, உங்களுக்கே தெரியும். இரண்டாவது, வெள்ளிக்கிழமை கழுவாத வீட்டில் நான் கால் வைக்கமாட்டேன். இருபத்தெட்டு வருஷம் நான் கழுவினேன். நீங்கள் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் பார்த்தீர்கள். இனி நான் வருகிற வீடு, நான் வருமுன்னமே வெள்ளிக்கு வெள்ளி கழுவி வந்த வீடாக இருக்கட்டும். அதுவும் ஒருநாள் இருநாள் கண்துடைப்பு இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கோ. மீன் மலிவாகக் கிடைக்கும் என்று பொரித்துப் பொரித்துத் தின்னவேண்டாம்.

கனகம்


மார்கேற்
20.1.1991

அன்புள்ள கனகத்துக்கு,

பொங்கல் தனியாகப் பொங்கினேன். அடிப்பிடித்துவிட்டது. பியற்றிஸ் ஒரு கோப்பை வாங்கித் தின்றுவிட்டு, கருகின மணம் நல்லாயிருக்கிறது என்றா. நல்ல மனுசி, அல்லது நாக்குச் செத்த மனுசி.

நீர் கேட்டது நடக்கிறது. நவம்பர் ஒன்பதாம் திகதி தொடங்கி ஒவ்வொரு வெள்ளியும் வீடு கழுவுகிறேன். இரண்டு வாளி தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், நீர் செய்கிற அதே முறை. பின்னறையில் தொடங்கி முன்வாசலுக்கு இழுத்து வருகிறேன். இங்கே நிலம் சீமெந்து இல்லை, பலகை. தண்ணீர் கொஞ்சம் இடுக்குக்குள் போகிறது. அதற்காக விடமுடியுமா? நாரிக்கு ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு குனிகிறேன். பாதி நிலத்திலேயே மூச்சு முட்டுகிறது. நீர் இதைச் செய்துவிட்டுச் சமைக்கவும் போனீர், பிறகு கோயிலுக்கும் வந்தீர். எப்படி?

மற்ற வேலைகள்: கவுன்சிலில் எழுதிக்கொடுத்ததில் கூரைக்குக் கீழே கம்பளி மாதிரி ஒரு சாமான் அரை அடிக்கு விரித்துவிட்டுப் போனார்கள். யன்னல் சட்ட இடுக்குகளுக்குப் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். பழைய போர்வைகளைத் திரைச்சீலைக்கு உட்பக்கம் வைத்துக் கையால் தைத்தேன். தையல் கோணல், ஆனால் காற்று வராது. பிறகு ஒரு பெரிய கள்ளனைப் பிடித்தேன். வெளிச்சுவரின் அடியில் சுற்றிவர ஓட்டை ஓட்டையாகக் கற்கள் பதித்திருக்கிறார்கள், ஒன்பது. கட்டினவன் பைத்தியக்காரன். குளிர்நாட்டில் நிலத்துக்குக் கீழே காற்று விட ஓட்டை வைப்பானா? சீமெந்து குழைத்து ஒன்பதையும் அடைத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு உசார்.

இன்று பதினாலு டிகிரி. கடந்த வருஷம் இதே வீட்டில் இருந்தவர்கள் எரித்த காஸில் பாதிதான் நான் எரிக்கிறேன்.

எப்போது வருவீர்?

உமது,
அம்பலவாணன்


நோர்பரி
9.4.1991

அன்புள்ள பாமாவின் அப்பாவுக்கு,

பாமாவுக்கு ஆடியில் பிள்ளை பிறக்கத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அவள் இருக்கிற சட்டனுக்கும் நோர்பரிக்குமாய் நான் ஓடவேண்டும். பிள்ளைப்பேறு முடியட்டும், பிறகு பார்ப்போம்.

நீங்கள் வீடு கழுவுகிறீர்கள் என்று பாமாவிடம் சொன்னேன். சிரித்தாள். "அப்பாவோ? எங்கட அப்பாவோ?" என்று மூன்று தரம் கேட்டாள். நானும் சிரித்தேன். பிறகு ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

நாரியைப் பார்த்துக்கொள்ளுங்கோ. குனியாமல் தும்புத்தடியில் துணியைச் சுற்றித் துடைத்தாலும் காணும்.

கனகம்


மார்கேற்
17.11.1991

அன்புள்ள கனகத்துக்கு,

பேத்தியின் படம் வந்தது. மூக்கு உம்முடையது, பாவம்.

வெளியே பல்லுக் கிட்டுகிற காற்று. உள்ளே பதினேழு டிகிரி! பதினேழு, கனகம். ஒரு சுவெட்டர் போதும். முன்னறையில் உமக்கென்று ஒரு கதிரை வாங்கி வைத்திருக்கிறேன், பழையது, கை வைத்தது. வெயில் எறிக்கும்போது அதில்தான் முதலில் விழுகிறது.

ஒரு மணம் மட்டும் இருக்கிறது. பழைய புத்தக அலுமாரியைத் திறந்த மாதிரி. கடல் மணம் என்று நினைக்கிறேன். கழுவினால் போய்விடும் என்று இப்போது மூன்று வாளி ஊற்றுகிறேன்.

பிள்ளைப்பேறு முடிந்துவிட்டது. துடக்கும் கழிந்துவிட்டது. இனி என்ன?

உமது,
அம்பலவாணன்


நோர்பரி
26.2.1992

அன்புள்ள பாமாவின் அப்பாவுக்கு,

தை மாதம் முழுக்கக் காய்ச்சல். பத்து நாள் எழும்ப ஏலாமல் கிடந்தேன். என்னோடு வேலை செய்கிற டொலறஸ் வந்து சூப் காய்ச்சித் தந்தாள். பாமாவுக்குச் சொல்லவில்லை, கைக்குழந்தைக்காரி. வலது கை மணிக்கட்டும் வீங்கியிருக்கிறது, ஆட்களைத் தூக்கித் தூக்கி. அதனால்தான் எழுத்துக் கோணல், உங்கள் தையல் மாதிரி.

இந்தக் கிழமை இல்லத்தில் ஒரு மனிதர் செத்துப்போனார். ஐம்பது வருஷம் கட்டியிருந்த மனைவி வந்து, "அவருக்கு என்ன நிறம் பிடிக்கும்?" என்று எங்களைக் கேட்டா, போர்வை தெரிந்தெடுப்பதற்கு. எனக்குத் தெரிந்திருந்தது, நீலம். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை.

பங்குனியில் லீவு தரமாட்டார்கள். பார்ப்போம்.

கனகம்


மார்கேற்
8.3.1992

அன்புள்ள கனகத்துக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சலுக்குக் கொத்தமல்லி குடித்திருக்கலாம். லண்டனில் குளிர் அதிகம், அந்த அறையில் யன்னல் சரியில்லை என்று நான் முதலே சொன்னேன். இங்கே வந்திருந்தால் காய்ச்சல் வந்திராது. பதினேழரை டிகிரி இப்போது. படிக்குக் கீழே இருந்த கடைசி ஓட்டையையும் அடைத்துவிட்டேன். ஊதுபத்திப் புகை இப்போது எந்த மூலையிலும் நேராகத்தான் எழும்புகிறது.

உமது,
அம்பலவாணன்


நோர்பரி
31.1.1993

அன்புள்ள பாமாவின் அப்பாவுக்கு,

பதினொரு மாதமாக நான் எழுதவில்லை. உங்கள் ஏழு கடிதமும் வந்தது. ஏழிலும் ஒரே கேள்வி.

பாமா வந்து சண்டை பிடித்தாள். "அம்மா, அந்த மனுசன் ரெண்டு வருசமா வெள்ளிக்கு வெள்ளி நிலம் கழுவுது. நீ இன்னும் என்ன கேக்கிறாய்?" என்றாள்.

சரி. சித்திரை வருஷப்பிறப்புக்கு வருகிறேன். இல்லத்தில் சொல்லிவிட்டேன். அறைக்காரருக்கும் சொல்லவேண்டும்.

கனகம்


மார்கேற்
16.3.1993

அன்புள்ள கனகத்துக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கு அடி ஒன்றும் பெரிதாக இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கழுவிக்கொண்டு நிற்கும்போது முன்னறை நிலம் உடைந்து உள்ளே போய்விட்டது. நானும் முழங்கால் மட்டும் போய்விட்டேன். கதிரை தலைகீழ். வாளித் தண்ணீர் முழுக்க என் மேல். பியற்றிஸ் சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்து எடுத்தா. காலில் சிராய்ப்பு மட்டும்.

தச்சனைக் கூப்பிட்டேன். அவன் பலகையைக் கிளப்பி உள்ளே லைற் அடித்துப் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். பலகையைத் தாங்குகிற தீராந்தி எல்லாம் கறுத்து, விரலால் குத்தினால் புட்டு மாதிரி உதிர்கிறது. சுவர் ஓரம் வெள்ளை வெள்ளையாய்க் காளான். அவன் கேட்டான், இங்கே மீன் வளர்த்தாயா என்று. இல்லை, கழுவினேன் என்றேன். எத்தனை தரம்? நான் கலண்டரைக் காட்டினேன். நவம்பர் ஒன்பது தொடங்கி நூற்றிருபத்துமூன்று வெள்ளி. எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு தவறினது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படியில் இருந்துவிட்டான்.

பிறகு வெளியே கூட்டிக்கொண்டுபோய் நான் சீமெந்தால் அடைத்த ஓட்டைகளைக் காட்டினான். அது கள்ளன் இல்லையாம், கனகம். நிலத்துக்குக் கீழே ஈரம் காயக் காற்று வேண்டுமாம். பழைய வீட்டில் சூட்டைப் பிடிக்கவேண்டிய இடம் வேறு, காற்றை விடவேண்டிய இடம் வேறாம். நான் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்துவிட்டேன். மேலே இருந்து தண்ணீரும் ஊற்றினேன். கட்டினவனைப் பைத்தியக்காரன் என்று உமக்கு எழுதினேன் அல்லவா, பைத்தியக்காரன் யார் என்று இப்போது தெருவுக்கே தெரியும்.

கீழே முழுவதும் மாற்றவேண்டும். உடைத்த வேறு வீடுகளிலிருந்து எடுத்த நல்ல மரம் இருக்கிறதாம், அதைப் போடலாம் என்கிறான். புது மரத்தை விட அது நின்று பிடிக்குமாம். பலகைக்குக் கீழேயும் கம்பளி வைத்தால் சூடு நிற்கும், ஓட்டைகளும் திறந்திருக்கலாம். இரண்டும் சேர்த்துச் செய்யலாமாம். எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. இரண்டு மாதம் எடுக்கும்.

ஆகவே சித்திரைக்கு வரவேண்டாம். வருவதற்கு நிலம் இல்லை.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். இனி இந்த வீட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது என்கிறான். ஈரத்துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். உம்முடைய நிபந்தனை கழுவுவது. துடைத்தால் கணக்கில் வருமா? நீர் ஓம் என்று எழுதினால்தான் நிற்பாட்டுவேன்.

உமது,
அம்பலவாணன்


நோர்பரி
24.3.1993

அன்புள்ள பாமாவின் அப்பாவுக்கு,

நிற்பாட்டுங்கோ. இன்றைக்கே நிற்பாட்டுங்கோ.

உங்கள் கடிதத்தை இல்லத்துக் குசினியில், அடுப்போரம் நின்று வாசித்தேன். நான் இதை முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். எழுதாததால் ஒரு வீடு உடைந்துவிட்டது, உங்கள் காலும் உடைந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கழுவவேண்டும் என்று நான் சொன்னது கழுவுவதற்காக இல்லை. நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று நம்பித்தான் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் தும்புத்தடி தொடாத மனிதர், ஒரு மாதத்தில் விட்டுவிடுவார், பிறகு நான் வராததற்கு என்னில் குற்றம் இல்லை என்று நினைத்தேன். குளிர் என்றதும் அப்படித்தான். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. நான் நாள் முழுக்க அதே முழங்காலால்தான் ஆட்களைத் தூக்குகிறேன். ஆனால் நீங்கள் கழுவினீர்கள். ஒவ்வொரு கடிதத்திலும் கழுவினீர்கள். உங்கள் கடிதம் வரவர எனக்குப் பயம் பிடித்தது. சொல்லவும் ஏலாது, வரவும் ஏலாது. தையும் ஆடியும் லீவும் என்று இழுத்தேன். சித்திரைக்கு வருகிறேன் என்று எழுதின அன்று இரண்டு வாய் சாப்பிடவில்லை.

எனக்கு வர விருப்பம் இல்லை. இதோ, எழுதிவிட்டேன்.

உங்களில் வெறுப்பு இல்லை. கோபம் கூட முடிந்துவிட்டது. அலுப்பு. வேலை முடிந்து இந்தச் சின்ன அறைக்கு வந்து, ஒரு சுண்டு அரிசி போட்டு, சத்தமில்லாமல் இருக்கிறேன். யாரும் தேத்தண்ணி கேட்பதில்லை. யாரும் "எங்க என்ர சேட்டு?" என்று கேட்பதில்லை. இங்கே தனியே வந்த முதல் மாதம் அழுதேன். இரண்டாம் மாதம் ஒருநாள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடக்க, எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் முதல்தரம் கால் நீட்டினது மாதிரி இருந்தது. அதை விட்டுவிட்டு வர மனம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வருஷம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்று எழுதினேன். நீங்கள் பதினேழரை டிகிரி என்று எழுதினீர்கள். நீங்கள் வீட்டை எனக்காகத்தான் சூடாக்கினீர்கள், தெரியும். அது தெரிந்துதான் இன்னும் நோகிறது. இரண்டரை வருஷத்துக் கடிதத்திலும், "கனகம், நீர் எப்படி இருக்கிறீர்?" என்று ஒரு வரி இல்லை. நான் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன்.

நீங்கள் செய்த பிழை தெரியாமல் செய்தது. நான் செய்தது தெரிந்து செய்தது. மன்னித்துக்கொள்ளுங்கோ. மன்னிக்காவிட்டாலும் அது நியாயம்.

நிலத்தை நல்லாய்ப் போடுவியுங்கோ. உங்களுக்காகப் போடுவியுங்கோ.

கனகாம்பிகை


மார்கேற்
30.5.1993

கனகத்துக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. முதல் மூன்று கிழமை உம்மில் சரியான கோபம். எழுதிக் கிழித்த கடிதங்களைப் பார்த்தால் நீர் என்னோடு ஒருநாளும் கதைக்கமாட்டீர். பியற்றிஸிடம் கூட உம்மைப் பற்றி ஏசினேன். மனுசி முழுவதையும் கேட்டுவிட்டு, "உன்னை அந்த வீட்டில் இருந்து வெளியே வரச்சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை, நீயும் ஒருநாளும் போகவில்லை" என்றா. எனக்கு அது உடனே விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து விளங்கியது. லண்டன் விக்டோரியா ஸ்ரேசனுக்கு இரண்டு மணித்தியால ரெயில். இரண்டரை வருஷத்தில் நான் ஒரு தரம் ஏறவில்லை. நீர் வரவேண்டும் என்று வீட்டைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

நீர் வராதது சரி. வரச்சொல்லிக் கேட்கமாட்டேன், இது கடைசி.

காய்ச்சல் வந்தபோது இருமல் இருந்ததா? நெஞ்சு நொந்ததா? டொலறஸ் என்ன சூப் தந்தாள், உமக்குப் பிடித்ததா? மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டதா, டொக்டரிடம் காட்டினீரா? எந்தக் கையால் எழுதுகிறீர் இப்போது? கால் நீட்டிக் கிடக்கும்போது என்ன யோசிப்பீர்? இதெல்லாம் கேட்கவேண்டிய நேரத்தில் கேட்கவில்லை. மறுமொழி எழுதாவிட்டாலும் காரியமில்லை, கேட்டேன் என்று இருக்கட்டும்.

உமக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நான் நோர்பரிக்கு வரலாமா? தங்குவதற்கு இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி போடும், கோபிக்கமாட்டேன்.

அம்பலவாணன்


நோர்பரி
8.6.1993

அன்புள்ள பாமாவின் அப்பாவுக்கு,

இருமல் இருந்தது. நெஞ்சு நோகவில்லை. சூப்பில் உப்பு இல்லை, ஆனால் சொல்லவில்லை. மணிக்கட்டுக்குப் பட்டி கட்டியிருக்கிறேன், இப்போது பாரமான ஆட்களை டொலறஸ் தூக்குகிறாள். இந்தக் கடிதம் வலது கையால்தான்.

கால் நீட்டிக் கிடக்கும்போது ஒன்றும் யோசிப்பதில்லை. அதுதான் சுகம்.

என் நிறத்தை நான் எழுதமாட்டேன். வந்து கேளுங்கோ.

இருபதாம் திகதி ஞாயிறு எனக்கு ஷிப்ட் இல்லை. பத்தரை மணிக்கு நோர்பரி ஸ்ரேசனில் இறங்குங்கோ, நான் வெளியே நிற்பேன். அறையில் ஒரு கதிரைதான் இருக்கிறது, அதில் நான் இருப்பேன், நீங்கள் கட்டிலில் இருக்கலாம். பின்னேரம் ஐந்து மணி ரெயிலுக்குத் திரும்பிவிடவேண்டும், அதில் கதை இல்லை.

அன்றைக்கு நான் சமைக்கமாட்டேன். சோறும் கறியும் நீங்கள் கொண்டுவாங்கோ. இரண்டு பேருக்கு.

கனகம்